கல்லூரிக்கு ஒரு பாடநூல்: எழுதுதலும் பதிப்பித்தலும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் கல்லூரிப் பாடநூல். கவிதை நூலுக்கு வெளியீட்டு விழா உண்டு. நாவலுக்குப் போட்டியும் பரிசும் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு மாநாடு உண்டு. பாடநூலுக்கு இவற்றுள் எதுவும் பெரும்பாலும் இல்லை. ஆயினும், தமிழைப் பட்டப் படிப்பாகப் பயிலும் மாணவர் தம் கல்லூரி ஆண்டுகளில் மிகுதியாகப் புரட்ட வேண்டிய நூல் அதுவே.

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி மாணவருக்குப் பாடநூல் உண்டு; இடைநிலைப்பள்ளி மாணவருக்கும் உண்டு. அவர் பல்கலைக்கழகத்தில் அல்லது ஆசிரியர் கல்விக் கழகத்தில் காலடி வைத்த பின்னரோ, கையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல் எடுத்த தாள்களும் விரிவுரையாளரின் படவில்லைகளுமே. ஒரு நூலின் மூன்றாம் இயல், மற்றொரு நூலின் ஏழாம் இயல், ஒரு மாநாட்டு மலரின் சில பக்கங்கள் என அவை சேர்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றில் வரும் கலைச்சொல் மற்றொன்றில் வேறாக இருக்கும். ஒன்று தொடங்கிய இடத்தை மற்றொன்று அறியாது. இவற்றை இணைத்துப் பொருள் காணும் சுமை, அப்பாடத்தை முதன்முறையாகப் பயிலும் மாணவர்மீதே விழுகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகள் ஒரு பாடத்தைக் கற்பித்த விரிவுரையாளர், எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவர், எந்த எடுத்துக்காட்டு உடனே விளங்கும் என்பதைத் தம் பட்டறிவால் அறிந்திருப்பார். அவர் ஓய்வு பெறும் நாளில் அவருடைய குறிப்பேடும் ஓய்வு பெற்றுவிடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். பாடநூல் என்பது இவ்விழப்பைத் தடுக்கும் கருவி. நன்றாக நடந்த ஒரு வகுப்பை, அவ்வகுப்பில் இல்லாத மாணவருக்கும் கொண்டு செல்லும் ஏற்பாடே பாடநூல். இன்றைய பொழிவில் நாம் சொல்லவிருப்பவை அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கின்றன.

முன்னோர் சென்ற வழி

தமிழில் பாடநூல் எழுதும் எண்ணம் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தொல்காப்பியம் முழுவதையும் கற்க இயலாத மாணவருக்கு ஏற்ற அளவில் எழுத்தையும் சொல்லையும் வகுத்துத் தந்தது. அதன் பொதுப்பாயிரம் நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணவரின் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை விளக்குகிறது. நூல் எழுதுவதும் பாடம் சொல்வதும் கேட்பதும் ஒரே தொழிலின் பகுதிகள் என்ற தெளிவு அங்கே உள்ளது.

யாழ்ப்பாணத்தில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பாலபாடங்களையும் இலக்கணச் சுருக்கத்தையும் எழுதியதோடு அச்சகமும் நிறுவித் தாமே பதிப்பித்தார். இலக்கணச் சுருக்கத்தில் பகுதிதோறும் தேர்வு வினாக்கள் இடம்பெற்றிருப்பதை நம்முள் பலர் கண்டிருப்போம். சூத்திர வடிவில் இருந்த இலக்கணத்தை உரைநடையில் தந்து, உடனே வினாவும் தொடுத்தது கற்பித்தலை அறிந்தவரின் செயல்.

அதே 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல்கள் தேவைப்பட்டன. அறுவை மருத்துவத்திற்கு இரண வைத்தியம் 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், வேதியியலுக்குக் கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் மறையும்வரை தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை.

கிறீனின் பணியிலிருந்து பாடநூல் ஆசிரியர் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, அவர் தனியே எழுதவில்லை. தம்மிடம் பயின்ற மாணவரையே மொழிபெயர்ப்பில் துணையாகக் கொண்டார். பாடம் எங்கே விளங்கவில்லை என்பதை அறிந்தவர் எழுத்திலும் பங்கு கொண்டனர். இரண்டாவது, கலைச்சொல்லுக்கு அவர் ஒரு வரிசைமுறை வகுத்துக்கொண்டார்: முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது; இல்லையேல் வடமொழியை நாடுவது; அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைப்பது. கெமிஸ்தம் என்ற பெயரே இம்மூன்றாம் வழிக்குச் சான்று. இன்று நாம் வேறு வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எழுதத் தொடங்குமுன் ஒரு வரிசை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மூன்றாவது சற்றுக் கசப்பானது. நூல்கள் இருந்தும் தமிழ்வழி மருத்துவக் கல்வி அங்கே நிலைபெறவில்லை. நூலைப் பயன்படுத்தும் வகுப்பும், அவ்வகுப்பில் பயின்றவருக்கு வேலையும் தொடர்ந்து இருந்தால்தான் பாடநூல் வாழும்.

தமிழகத்தில் 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப் படிப்பு தொடங்கியபோதும் இதே தேவை எழுந்தது. தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் வரலாறு, பொருளியல், இயற்பியல், உளவியல் எனப் பல துறைகளில் நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களை வெளியிட்டன. அவற்றின் கலைச்சொல் வளம் இன்றும் நமக்குப் பயன்படுகிறது. எனினும் பல நூல்கள் ஒரு பதிப்போடு நின்றன. துறை வளர்ந்தது, நூல் வளரவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரியும் உண்டு. 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அமைக்கப்பட்டது. 1970இல் மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தோன்றியது. மலாய்மொழியில் உயர்கல்வி நடைபெற வேண்டுமாயின் நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். கலைச்சொல்லுக்கு உடன்பாடு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டு முறையில் ஒன்றுபட்டு, மொழிக்கான கூட்டுக்குழுவையும் அமைத்தன. எல்லை கடந்து ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ள இயலும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

எவருக்காக எழுதுகிறோம்?

கல்வியாளர் ஒருவர் பாடநூல் எழுத அமரும்போது அவருக்கு முதல் தடையாக நிற்பது அவருடைய ஆய்வுப் பயிற்சியே. ஆய்வுக் கட்டுரையின் வாசகர் துறை வல்லுநர். அவருக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதே அங்கே நாகரிகம். பாடநூலின் வாசகர் பத்தொன்பது, இருபது வயது மாணவர். வல்லுநருக்குத் தெரிந்தது எதுவோ, அதையே அவருக்கு முதலில் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் புதிய முடிவு முதன்மை பெறும். பாடநூலில் ஏற்கெனவே நிலைபெற்ற அறிவு தெளிவாக அடுக்கப்பட வேண்டும். ஆய்வாளர் தம் கூற்றைக் காக்க அடிக்குறிப்புகளால் அரண் அமைப்பார். பாடநூல் ஆசிரியருக்கு அரணைவிட வாயில் முக்கியம்.

ஆகவே எழுதத் தொடங்குமுன் வாசகரை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. அவர் எந்தத் தேர்வை எழுதிவிட்டு வந்துள்ளார்? தமிழ்ப்பள்ளியில் பயின்றவரா, தேசியப் பள்ளியில் பயின்று தமிழைத் தனிப்பாடமாக எடுத்தவரா? அவருடைய பிற பாடங்கள் எந்த மொழியில் நடைபெறுகின்றன? நம் மாணவர் காலையில் மலாய்மொழியில் ஒரு விரிவுரையும் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் படித்துவிட்டு, நண்பகலில் தமிழ் வகுப்புக்கு வருகிறார். மூன்று மொழிகளில் இயங்கும் அம்மனம் ஒரு செல்வம். சென்னையிலோ மதுரையிலோ எழுதப்பட்ட சிறந்த பாடநூலும் அச்செல்வத்தை அறியாது. அங்குள்ள மாணவருக்காகவே அது எழுதப்பட்டது. நமக்கென ஒரு பாடநூல் ஏன் வேண்டும் என்ற வினாவிற்கு இதுவே விடை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒலியனைக் கற்பிக்கும் பக்கம்

மொழியியல் அறிமுகப் பாடத்தில் ஒலியன், மாற்றொலி என்னும் இரு கருத்துகள் வருகின்றன. பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு ஒலியன். ஓர் ஒலியன் இடத்திற்கேற்பக் கொள்ளும் வடிவங்கள் மாற்றொலிகள். வரையறை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். மாணவர் அதனை மனப்பாடமும் செய்துவிடுவார். ஆனால் விளங்கியிருக்காது.

தமிழ்ச் சொற்களைக் கொண்டு தொடங்குவோம். கல், தங்கம், அகம் என்னும் மூன்றிலும் ககரம் உண்டு. கல் என்பதில் அது வல்லோசையாய் ஒலிக்கிறது. தங்கம் என்பதில் மெல்லெழுத்தை அடுத்து வருவதால் குரலொலி பெறுகிறது. அகம் என்பதில் இரு உயிர்களுக்கிடையே நின்று தேய்ந்து ஒலிக்கிறது. மூன்று ஒலிகள், ஆனால் தமிழர் செவிக்கு ஒரே எழுத்து. எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது விதியால் அமைவதால், இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள் ஆகின்றன. இவ்வளவும் எந்த மொழியியல் நூலிலும் கிடைக்கும்.

இப்போது நம் மாணவரின் மலாய்மொழி அறிவைத் துணைக்கு அழைப்போம். மலாயில் ஆராய்தலைக் குறிக்கும் சொல்லும் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் காஜி என்றே வரும். மலாயர் செவிக்கு அவை இரு வேறு சொற்கள். முதலொலி ஒன்றில் குரலற்றது, மற்றொன்றில் குரலுடையது. அவ்வாறே காலைப்பொழுதைக் குறிக்கும் சொல்லும் கொடுத்தலைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் பாகி என ஒன்றாகிவிடும். இரு ஒலிகளும் மலாயில் பொருளை வேறுபடுத்துகின்றன. ஆகவே அவை அங்கே தனித்தனி ஒலியன்கள். தமிழில் அவை ஒரே ஒலியனுக்குள் அடங்குகின்றன. ஒலி ஒன்றே, மொழி அதற்கு அளிக்கும் பணி வேறு. இந்த இடத்தில் வரையறை மாணவருக்குச் சொந்தமாகிறது. அவர் நாள்தோறும் பேசும் இரு மொழிகளிலிருந்தே அவர் அதனைக் கண்டெடுத்துவிட்டார்.

நல்ல வகுப்பில் அடுத்த வினா உடனே எழும்: காந்தி என்பதில் ககரம் சொல்லின் முதலில் நின்றும் குரலொலி பெறுகிறதே? நாட்டியம் பயிலும் மாணவி ஒருவர் இன்னும் கூர்மையாகக் கேட்கலாம்: குற்றத்தைக் குறிக்கும் பாவமும் மெய்ப்பாட்டைக் குறிக்கும் பாவமும் எழுத்தில் ஒன்றாயினும் ஒலிப்பில் வேறாயிற்றே, அப்படியாயின் தமிழிலும் இவை தனி ஒலியன்கள்தாமா? இது மிகச் சிறந்த வினா. வடமொழியிலிருந்து வந்த சொற்கள் தமிழின் ஒலியமைப்பை எந்த அளவிற்கு மாற்றியுள்ளன என்பது அறிஞரிடையே ஆய்வுக்குரிய பொருளாகவே இருந்துவருகிறது. பாடநூல் இவ்வினாவை மறைக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே கொட்டிக் குழப்பவும் கூடாது. அடிப்படை விளங்கிய பின், மேலும் சிந்திக்க என்னும் தலைப்பில் தனிக் கட்டத்தில் அதனை வைத்து, இரு தரப்பையும் சுருக்கமாகக் காட்டி, முடிவை மாணவரின் விவாதத்திற்கு விடலாம்.

ஒரு கருத்திற்கு இரண்டு பக்கம் ஆகிவிட்டதே எனத் தோன்றலாம். அந்த இரண்டு பக்கமும் பத்தாண்டு வகுப்பறைப் பட்டறிவின் சாரம். மாணவர் கேட்கும் வினாக்களைக் குறித்து வைக்கும் ஏடு ஒன்று இருந்தால், பாடநூலின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம்.

கலைச்சொல் ஒழுங்கு

தமிழில் கல்லூரி நூல் எழுதுவோர் கலைச்சொல் இல்லை என வருந்துவதுண்டு. உண்மையில் பல இடங்களில் சொல் இல்லாமை இடரன்று. சொல் மிகுதியே இடர். இலங்கையில் பௌதிகவியல், இரசாயனவியல் என வழங்குபவை தமிழகத்தில் இயற்பியல், வேதியியல் என வழங்குகின்றன. இரு மரபு நூல்களும் நம் நூலகங்களில் அருகருகே உள்ளன. இலக்கணத்திலும் மொழியியலிலும்கூட மரபுப் பெயரும் புதுப் பெயரும் கலந்து வழங்குகின்றன.

இதற்கு நாம் முன்வைக்கும் நெறிகள் எளியவை. ஒரு நூலுக்குள் ஒரு கருத்திற்கு ஒரே சொல் வழங்க வேண்டும். நடைச்சுவைக்காகச் சொல்லை மாற்றுவது கட்டுரைக்கு அழகாகலாம். பாடநூலில் அது மாணவரை ஏமாற்றும், இரண்டும் வேறு கருத்துகளோ என அவர் மயங்குவார். கலைச்சொல் முதலில் வரும் இடத்தில் தடித்த எழுத்தில் அச்சிட்டு, அவ்விடத்திலேயே விளக்க வேண்டும். பிற நூல்களில் வழங்கும் மாற்றுச் சொற்களை நூலின் இறுதியில் உள்ள கலைச்சொல் பட்டியலில் காட்ட வேண்டும். அப்பட்டியலில் மலாய், ஆங்கில இணைச்சொற்களும் இருப்பின், மாணவர் பிற மொழி நூல்களையும் தேடிப் படிக்க வழி பிறக்கும். மேலும், பள்ளியில் கற்ற இலக்கணச் சொல்லைக் கைவிடும் இடத்தில் ஏன் கைவிடுகிறோம் என ஒரு வரி எழுத வேண்டும். எழுத்து என்பதற்கும் ஒலியன் என்பதற்கும் உள்ள உறவைச் சொல்லாமலேயே ஒலியனுக்குத் தாவினால், பதினோராண்டுப் பள்ளிக் கல்வியை வீணாக்கியவர்கள் ஆவோம்.

அளவும் அமைப்பும்

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்தில் பொதுவாகப் பதினான்கு வாரங்கள் பாடம் நடைபெறுகிறது. பாடநூலின் இயல்களை இந்தக் கணக்கோடு பொருத்த வேண்டும். அறிமுகத்திற்கும் மீள்பார்வைக்கும் ஒவ்வொரு வாரம் ஒதுக்கினால் எஞ்சுபவை பன்னிரண்டு. பன்னிரண்டு இயல்கள், இயலுக்கு ஏறத்தாழ பதினெட்டு முதல் இருபது பக்கம் எனக் கொண்டால், முன்னுரை, கலைச்சொல் பட்டியல், சொல்லடைவு ஆகியவற்றோடு 256 பக்க அளவில் நூல் அமையும். அச்சகத்தார் பதினாறு பக்கங்களை ஒரு படிவமாகக் கணக்கிடுவர். 256 பக்கம் பதினாறு படிவம். மேலும் இரண்டு பக்கம் கூடினாலும் புதிய படிவம் தேவைப்படும். செலவும் விலையும் ஏறும். எழுதும்போதே இக்கணக்கை அறிந்திருப்பது ஆசிரியருக்கு இழுக்கன்று.

நன்னூல் கூறும் நூற்குற்றங்களுள் ஒன்று சென்று தேய்ந்து இறுதல். பாடநூலுக்கு இக்குற்றம் மிக எளிதில் நேரும். முதல் மூன்று இயல்கள் விரிந்து செழித்திருக்கும். இறுதி இயல்கள் எலும்புக்கூடாய் நிற்கும். ஆசிரியரின் விடுமுறை முடிந்துவிட்டது என்பதை அவை அறிவிக்கும். இதனைத் தவிர்க்க, இயல்களை வரிசையாக எழுதாமல், கடினமான இடை இயல் ஒன்றை முதலில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். அதன் நீளமும் நடையும் முறையும் அமைந்துவிட்டால், அதுவே பிற இயல்களுக்கு அளவுகோலாகும்.

ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும், இதனைக் கற்ற பின் மாணவர் எதனைச் செய்ய வல்லவராவார் எனச் சொல்ல வேண்டும்; அறிந்துகொள்வார் என்று சொல்வது போதாது. இறுதியில் மூவகைப் பயிற்சிகள் வேண்டும்: நினைவை நோக்கியவை, பயன்பாட்டை நோக்கியவை, களத்திற்கு அனுப்புபவை. ஈப்போவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் உறவுப் பெயர்களை எவ்வாறு வழங்குகின்றனர் எனக் கேட்டு எழுதுக, கிள்ளானில் கடைப் பலகைகளில் காணும் எழுத்துக்கூட்டு முறையைத் தொகுத்து ஆராய்க என்பன போன்ற இடுபணிகள் மாணவரை ஆய்வாளராக்கும். இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டுத் தரும்போதும் இராமன், கண்ணன் ஆகியோரோடு நின்றுவிடாமல், நம் நாளிதழ்களிலிருந்தும் சிறுகதைகளிலிருந்தும் தொடர்களை எடுத்தாளலாம். தம் நாட்டுத் தமிழும் ஆராயத் தக்கதே என்னும் மதிப்பு அப்போது மாணவர் உள்ளத்தில் பதியும்.

வகுப்பறையிலிருந்து அச்சகத்திற்கு

கையெழுத்துப்படி நிறைவடைந்தவுடன் அச்சுக்கு அனுப்பும் ஆர்வத்தை ஓராண்டு அடக்கி வைக்க வேண்டும். அவ்வாண்டில் நூல் வகுப்பறையில் சோதிக்கப்பட வேண்டும். ஆசிரியர் தாமே கற்பிப்பது ஒரு சோதனை. வேறு நிறுவனத்தைச் சேர்ந்த மற்றொரு விரிவுரையாளர் அந்நூலைக் கொண்டு கற்பிப்பதே உண்மையான சோதனை. ஆசிரியர் வாயால் நிரப்பிவிடும் இடைவெளிகள் அங்கே வெளிப்படும். மாணவரிடம் நூல் எப்படி உள்ளது எனக் கேட்டால் நன்றாக உள்ளது என்பர். நம் பண்பாடு அத்தகையது. மாறாக, மீண்டும் படிக்க நேர்ந்த பத்திகளின் ஓரத்தில் கோடிடுமாறு சொன்னால், அக்கோடுகள் உண்மை பேசும்.

அடுத்து மதிப்பாய்வு. துறை வல்லுநர் ஒருவர் செய்தியின் சரிமையையும், கற்பித்தலில் தேர்ந்தவர் ஒருவர் முறையையும் பார்க்க வேண்டும். மொழிச் செம்மையாளர் ஒருவர் தனியே வேண்டும். மெய்ப்புப் பார்த்தலை எழுதியவரிடமே விட்டுவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். எழுதியவர் கண் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை. தம் உள்ளத்தில் இருப்பதையே படிக்கிறது. குறிப்பாக, பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்புகளும் கால்களும் இடம் மாறும் வாய்ப்பு உண்டு. வல்லினம் மிகும் மிகா இடங்களைக் கற்பிக்கும் நூலிலேயே ஒற்றுப்பிழை இருந்தால் மாணவர் எதனை நம்புவார்?

உரிமை குறித்த கடமைகளும் உண்டு. சங்கப் பாடலை எடுத்தாள எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. நம் காலத்து எழுத்தாளரின் சிறுகதையை முழுமையாகச் சேர்க்க வேண்டுமாயின் எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். மலேசியச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் ஐம்பது ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கிறது. சிங்கப்பூரில் எழுபது ஆண்டுகள். நூலுக்கு ஐஎஸ்பிஎன் எண் பெறுவதும், தேசிய நூலகத்திற்குச் சட்டப்படி படிகளை அளிப்பதும் வெறும் சடங்குகளல்ல. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் நம் நூலைத் தேடும்போது அது எங்கே இருக்கும் என்பதை அவையே உறுதி செய்கின்றன.

பதிப்பகத்தை அணுகும்போது முழு நூலையும் அனுப்புவதைவிட, நூலின் நோக்கம், பயன்படுத்தும் பாடப்பிரிவுகள், இயல் வரிசை, மாதிரி இயல் ஒன்று ஆகியவற்றைக் கொண்ட முன்மொழிவை அனுப்புவது நன்று. பதிப்பாளர் முதலில் கேட்பது, இதனை ஆண்டுதோறும் எத்தனை பேர் வாங்குவர் என்பதே. தமிழ்த்துறைகள் சிலவாகவும் ஆண்டுச் சேர்க்கை சிறிதாகவும் உள்ள நம் நாட்டில் இவ்வினா கடினமானது. விடை கூட்டுறவில் உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகம், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், ஆசிரியர் கல்விக் கழகங்கள், சிங்கப்பூரின் உயர்கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றில் கற்பிப்போர் ஒரே பாடத்திற்கு ஒரே நூலைச் சேர்ந்து எழுதினால், அந்நூலுக்கு எழுதும்போதே வாசகர் அமைந்துவிடுவர். தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் இன்று உண்டு. ஐந்நூறு படிகளை அச்சிட்டு வீட்டில் அடுக்கி வைக்க வேண்டுவதில்லை. பிழை திருத்தவும் அம்முறை எளிது.

இரண்டாம் பதிப்பே பாடநூலின் உண்மையான பிறப்பு எனலாம். முதற் பதிப்பு வகுப்பறைகளில் புழங்கிய பின்னரே அதன் குறைகள் முழுமையாகத் தெரியவரும். ஆகவே ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் செய்வது யார் என்பதையும், மூத்த ஆசிரியருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதையும் குறித்துக்கொள்வது நலம்.

இப்பணிக்கு யார் முன்வருவர்?

வெளிப்படையாகப் பேச வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு உள்ள எடை பாடநூலுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. உரிமத்தொகையும் பெரிதாக வராது. இளம் விரிவுரையாளர் ஒருவர், மூன்றாண்டு உழைப்பைப் பாடநூலுக்குத் தருவதா, அக்காலத்தில் நான்கு கட்டுரைகள் எழுதுவதா எனக் கேட்டால், கட்டுரை எழுதுக என்றே நலம் விரும்புவோர் அறிவுரை கூறுவர். அவ்வறிவுரையை நாம் குறை கூற இயலாது. ஆனால் அனைவரும் அதனையே பின்பற்றினால், கட்டுரைகளைப் படித்து விளங்கிக்கொள்ளும் அடுத்த தலைமுறை உருவாகாது.

எனவே சுமையைப் பகிர்வதே வழி. பணி உறுதிபெற்ற மூத்த பேராசிரியர்கள் முதன்மை ஆசிரியர்களாகப் பொறுப்பேற்கலாம். இளையவர்கள் ஆளுக்கு ஓர் இயல் எழுதலாம். அவர்கள் பெயர் அவ்வியலின் தலைப்பிலேயே இடம்பெற வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிகளையும் எடுத்துக்காட்டுகளையும் வழங்கலாம். மொழி அமைப்புகள் கலைச்சொல் உடன்பாட்டிற்கும் மெய்ப்புப் பார்ப்போரின் ஊதியத்திற்கும் துணை நிற்கலாம். நூல் வெளியான பின் நம் இதழ்கள் அதனைப் பாராட்டுரையோடு நிறுத்தாமல், குறைகளைச் சுட்டி மதிப்புரை எழுதலாம். அம்மதிப்புரை இரண்டாம் பதிப்பிற்கு விதையாகும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பாடம் விளங்காத இடத்தில், உங்கள் அறிவைக் குறைத்து எண்ணுமுன், அப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடிட்டு, உங்கள் வினாவை எழுதி, ஆசிரியரிடம் கொடுங்கள். கிறீனின் நூல்களில் அவருடைய மாணவரின் உழைப்பும் கலந்திருந்தது. நம் பாடநூல்களிலும் உங்கள் வினாக்கள் கலக்கட்டும். உங்களுள் பலர் நாளை தமிழாசிரியர்களாகப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கிறீர்கள். நீங்கள் தெளிவாகக் கற்றது எதுவோ, அதையே உங்கள் மாணவரும் தெளிவாகக் கற்பர்.

1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது முதல், இந்நாட்டில் தமிழ் உயர்கல்விக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அத்தனை ஆண்டுகளில் நிகழ்ந்த நல்ல வகுப்புகளுள் எத்தனை நூலாயின என்று எண்ணிப் பார்ப்போம். இவ்வரங்கில் அமர்ந்துள்ள ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் பல ஆண்டுக் குறிப்பேடு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஓர் இயலை, மாணவர் மிகவும் இடர்ப்படும் அந்த ஓர் இயலை, இப்பருவ விடுமுறையில் முழுமையாக எழுதி, வேறொரு நிறுவனத்தில் அதே பாடத்தைக் கற்பிக்கும் ஒருவருக்கு அனுப்பி வைப்பீர்களாக. பன்னிரண்டு பேர் அவ்வாறு செய்தால் ஒரு நூல் ஆகிவிடும்.